மாடியிலிருந்து இணைந்த கைபேசி

மர்சலின், வயது 44, த/பெ. காலஞ்சென்ற சேவியர், பழைய எண் 9, புதிய எண் 21, தஸ்நேவிஸ் சந்து, சாந்தோம், சென்னை-4 என்ற முகவரியில் வசிக்கும் நான், பெண் உதவி ஆய்வாளர் முன்பாக ஆஜராகிக் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் ராயப்பேட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். என் அக்கா லிண்டா பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், கீழ்த்தளத்தில் என்னுடன் இருக்கிறாள். அவள் கணவர் விக்டர் சென்ற ஆண்டு பிரிந்து கொட்டிவாக்கத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். ஜீவனாம்ச வழக்கு நடந்து வருகிறது. நான் பள்ளியில் இருக்கும்போது அக்காவைக் கைபேசியில் பார்ப்பதற்கும் அதன் வழியே பேசுவதற்கும் அவள் கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா வைத்திருக்கிறோம். விக்டர் போன அன்றே அதன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். அதனால் அவர் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

கடந்த மாதம் முதல் அக்கா பகலிலும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். கொசுவுக்காக என்று நினைத்தேன். அதன் பிறகு ஒரு நாள் பள்ளி அரை நாளில் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, துணைக்கு இருக்கும் அம்மாள் பால் வாங்கப் போயிருந்தார். நான் செருப்பைக் கழற்றும்போது அக்காவின் அறையில் ஓர் ஆண் குரல் கரகரவென்று, “மூடாத. மூஞ்சியக் காட்டு” என்றது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அக்காவைத் தவிர யாரும் இல்லை. கேமராவின் தலை திரும்பி என் பக்கம் நின்றது, குரல் நின்றுவிட்டது. அக்காவின் படுக்கை நனைந்திருந்தது. நான் கேமராவின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியை கமர் ஜஹானிடம் சொன்னேன். அவர், “புடுங்கி வெச்சா ஆளு யாருன்னே தெரியாம போய்டும் டீச்சர். உங்க வீட்டு நெட்டுல இன்னா வருது, இன்னா போவுதுன்னு பாக்க நடுவுல ஒரு குட்டி கம்ப்யூட்டர் வெப்போம்” என்றார். அன்று மாலையே இருவரும் ரிச்சி தெருவுக்குப் போனோம். உள்ளங்கை அளவில் ஒரே பலகையில் அமைந்த கணினிகளைக் கடைக்காரர் காட்டினார். எல்லோரும் வாங்குவது என்று அவர் முதலில் எடுத்து வைத்ததில் இணைய ஒயர் சொருக ஒரே ஒரு வாய்தான் இருந்தது. இன்னொன்றை, “எல்லாம் ஏத்தி ரெடியா கீது மேடம், சொருகுனா போதும்” என்று கொடுத்தார். கேமரா வாங்கும்போதும் இதே பேச்சைத்தான் கேட்டேன் என்பதால் அதைக் கையில் வாங்கவே பயந்தேன். கடைசியில் ஒரு வாயில் இணையம் வந்து மறு வாயில் வீட்டுக்குள் போகும்படி இரண்டு வாய் உள்ளதாக, விசிறிச் சத்தம் இல்லாததாக, உள்ளே எதுவும் ஏற்றாததாக ஒன்றை வாங்கினோம். மென்பொருளைக் கமர் ஜஹானே ஏற்றினார்.

அதன் பிறகு சனிக்கிழமை காலையில் அவர் வந்து அதைப் பொருத்தினார். அக்காவை முன்னறைக்கு மாற்றினோம். அவள் கட்டிலில் தலையணைகளை நீளமாக வைத்துப் போர்வையால் மூடி, கேமராவுக்கு மறுபடி மின்சாரம் கொடுத்தோம். எங்கள் வைஃபையில் இருக்கும் சாதனங்கள் திரையில் வரிசையாக வந்தன. கேமரா, என் கைபேசி, கமர் ஜஹானின் மடிக்கணினி. சற்று நேரத்தில் நான்காவதாக ஒரு கைபேசி வந்தது. அதன் பெயர் ஆங்கில எழுத்தில் விக்டர் என்று இருந்தது. அது வந்ததுமே கேமராவிலிருந்து படம் வெளியே போகத் தொடங்கியது.

“அவர் கொட்டிவாக்கத்துலல்ல இருக்காரு” என்றேன். கமர் ஜஹான் குரலைத் தாழ்த்தி, “வைஃபை அம்மாந்தூரம் போவாது டீச்சர். ஆளு இங்கதான் கீறாரு” என்றார். விக்டர் இங்கே குடியிருந்த காலத்தில் போட்ட வைஃபை கடவுச்சொல் அந்தக் கைபேசியில் இன்னும் இருந்ததால் அது தானாகவே இணைந்துவிட்டது என்று கமர் ஜஹான் பின்னர் விளக்கினார்.

அப்போது எங்கள் தலைக்கு மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாடி வீடு ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு ஆள் பார்ப்பதற்காக அதன் சாவி முன்பு விக்டரிடம் இருந்தது. நாங்கள் பேசாமல் அக்காவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தோம். சக்கரம் கிறீச்சிடும் என்பதால் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அந்த நேரத்தில் காலி அறையிலிருந்து கேமரா, “எழுந்திரு லிண்டா. நீ நடிக்கிறது எனக்குத் தெரியும்” என்றது. அதே வார்த்தைகள் மாடியிலிருந்தும் மெல்லக் கேட்டன. அக்கா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

தெருவுக்கு வந்து நூறுக்கு அழைத்தேன். ரோந்துக் காவலர்கள் மாடிக் கதவைத் தட்டி விக்டரை அழைத்து வந்தார்கள். அவர், “அவ எழுந்து நடக்கறதப் படம் புடிச்சு கோர்ட்ல காட்டணும் சார், அவ்ளோதான்” என்றார். கேமராவை முதலில் பொருத்தியபோதே தன் கைபேசியை இரண்டாவது பார்வையாளராகச் சேர்த்து வைத்ததாகவும், கடவுச்சொல்லை மாற்றியும் அது நீங்கவில்லை என்றும் சொன்னார். அவர் சட்டைப் பையில் புதிதாக வெட்டிய சாவி ஒன்று இருந்தது. காவலர் அதை எங்கள் பின்கதவில் போட்டுத் திருப்பினார். திறந்தது.

பெண் காவலர் அக்காவின் பக்கத்தில் குனிந்து, “உள்ள வந்தாராம்மா?” என்று கேட்டார். அக்கா ஆமென்று தலையசைத்தாள். எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை.

மேற்சொன்ன பலகைக் கணினியையும் கேமராவையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) மர்சலின்