பொரிக்காத பதினான்கு முட்டைகள்

மாட்டுக் கொழுப்பை உருக்கும்போது அடுப்பைச் சிறிதாக வைக்க வேண்டும். அவசரப்பட்டால் வாடை திரைச்சீலையில் ஏறி ஒரு வாரம் போகாது. எனக்கு முப்பது வருடப் பழக்கம். உருக்கியதில் சோளமாவும் நிலக்கடலையும் கலந்து, இறுகியதும் கட்டியாக வெட்டி, கம்பிக்கூண்டில் போட்டுப் பறவைகளுக்குத் தொங்கவிடுவேன். பனிக்காலத்தில் மட்டும். எங்கள் அமெரிக்க மிசூரி மாநிலத்து வெயிலில் கொழுப்பு இளகிச் சொட்டும் என்பது எங்கள் ஊரில் தீனி வைக்கிற எல்லாருக்கும் தெரியும்.

என் கணவர் எல்டனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவேன். திரும்பி வந்தால் ஜன்னலோர நாற்காலியில் துணிமூட்டை மாதிரி கிடப்பார். ஏப்ரலில் ஒருநாள், தோட்டத்தில் பறவைகளுக்காக வைத்த மரப்பெட்டியில் நீலக்குருவி ஜோடி கூடு கட்டுவதைப் பார்த்தபடி சொன்னார்:

"இதுங்களோட குஞ்சு பறக்கற வரைக்கும் மெஷினுக்கு வரேன், லியோனா. அப்புறம் என்னை விட்டுடு. முடியல."

சரி என்றேன். அவர் இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

மே மாதம் வெயில் முந்திக்கொண்டது. பனிக்காலத்துக் கடைசிக் கட்டியை எடுக்க மறந்திருந்தேன். அது மறதிதான். அதைக் கொத்த வந்த பெட்டை, உருகிய கொழுப்பு ஒட்டிய நெஞ்சோடு அடைகாத்தது. முட்டை ஓட்டில் கொழுப்பு படிந்தால் உள்ளே காற்று போகாது. எங்கள் பறவைச் சங்கத்துக்காக வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பவள் நான்தான். இட்டிருந்த ஐந்து முட்டையும் பொரிக்கவில்லை. கெட்ட முட்டைகளை வழக்கப்படி அப்புறப்படுத்தினேன். பத்து நாளில் பெட்டை மறுபடி ஐந்து இட்டது. எல்டனும் மறுபடி மெஷினுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை. தினமும் காலையில் புதுக் கட்டி, பெட்டிக்குப் பக்கத்திலேயே.

பக்கத்து வீட்டு ரோஸெட்டாவும் சங்கத்துக்காரிதான். வேலிக்கு அந்தப்புறம் நின்று, "என்னடி, உன் குருவிங்களுக்குக் கல்யாண விருந்தா? எண்ணெய் வழியுது" என்று சிரித்தாள். கூண்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வெயிலுக்கு உருகாத புது வகை என்றேன். நம்பினாள். முப்பது வருடம் என்னைத் தெரிந்தவள், பாவம்.

அந்த ஐந்தும் பொரிக்கவில்லை. ஜூலையில் நான்கு. ஆக மொத்தம் பதினான்கு. ஒன்றை மட்டும் உடைத்துப் பார்த்தேன். அலகு, கால், எல்லாம் முழுசாக இருந்தது. அன்று சாப்பிட முடியவில்லை.

எல்டனுக்குக் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. காரில் வாந்தி எடுப்பார். ஊசி குத்தும்போது அழுவார். வீட்டுக்கு வந்ததும், பொரித்ததா என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். அதில் பொய் இல்லையே.

ஜூலை நடுவில் ஒரு காலை, நான் கட்டியோடு வெளியே கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். கொழுப்பு பட்டால் முட்டை பொரிக்காது என்பது அவருக்கும் தெரியும். குருவிப் பெட்டியைச் செய்ததே அவர்தான். என்னைத் திட்டவில்லை.

"போதும் லியோனா. இனிமே அதைத் தொங்கவிடாத."

அவர் பிடியில் பலமே இல்லை. மெதுவாக விலக்கிவிட்டுப் போய்த் தொங்கவிட்டேன். மறுநாளும். அவர் சொன்ன சொல் மாறாதவர். பெட்டியில் முட்டை இருக்கும்வரை மெஷினுக்கு வந்தார். ஆகஸ்ட் எட்டாம் தேதி, கையில் ஊசியோடு, டயாலிசிஸ் நாற்காலியிலேயே உயிர் விட்டார்.

தொங்கவிடாதே என்று அவர் சொன்னது, அந்த வெயிலில் நான் நிற்க வேண்டாமே என்ற கரிசனத்தில்தான். கடைசிவரை என்னை அப்படித் தாங்கினார்.