செத்த நேரம் இரு, அப்பு

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நகரக் குத்துச்சண்டைக் கழகத் தலைவர் மூக்கையா அவர்களே, மேடையில் இருக்கும் நடுவர் டெய்சி அவர்களே, தோல் மண்டியைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் கையூம் பாயின் தொழிலாளர்களே, அவரிடம் தோற்றவர்களே, அவரைத் தோற்கடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் சிலரே, அனைவருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நிருபர். திண்டுக்கல்லின் விளையாட்டுச் செய்திகளை எழுதித்தான் தலை நரைத்தது. இரங்கல் உரை எனக்குப் பழக்கமில்லை. பார்த்ததைச் சொல்வதுதான் பழக்கம். இன்றும் அதைத்தான் செய்யப்போகிறேன். காரணம், இந்த மண்டபத்தின் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருப்பவர். தாடிக்கொம்பு அழகர், வயது இருபத்திரண்டு. போன மாதம் சின்னாளப்பட்டியில் மர்ஹூம் அப்துல் கையூம் ஆடிய கடைசி ஆட்டத்தில் எதிரே நின்றவர். தன்னுடைய குத்துதான் கையூமைக் கொன்றது என்று அவர் நம்புகிறார். மாநிலத் தேர்வுக்குக் கொடுத்த பெயரையும் திரும்பப் பெற்றுவிட்டார்.

முதலில் மருத்துவர்கள் சொன்னது. கையூமுக்கு வந்தது டெங்கு. ஆட்டம் முடிந்து பத்து நாளுக்கு மேல் அவர் மண்டியில் வழக்கம்போல் வேலை பார்த்தார். அதன் பிறகுதான் காய்ச்சல். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்தன. மூக்கில் இரத்தம் வந்தது. காப்பாற்ற முடியவில்லை. 'மூக்கில் இரத்தம்' என்பதை மட்டும் வாட்ஸ்அப் ஊரெல்லாம் கொண்டுபோனது. குத்துச்சண்டைக்காரர் மூக்கில் இரத்தம் என்றால் ஊர் வேறு என்ன நினைக்கும்?

மருத்துவர்கள் சொன்னதை அழகரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏற்கவில்லை.

"இல்ல சார். மூணாவது ரவுண்டுல எம்மேல அப்படியே சாஞ்சாரு. தலைய என் தோள்ல வச்சு, 'செத்த நேரம் இரு, அப்பு'ன்னாரு. மூச்சு இரைச்சுச்சு. அப்பவே அவருக்கு உள்ள என்னமோ ஆயிருச்சு சார். மேடம் பிரிச்சுவிட்டதும் நான் திரும்பக் குத்துனேன். முடியலன்னு சொன்ன மனுசனக் குத்துனேன்."

இதற்கு எந்த மருத்துவரும் பதில் சொல்ல முடியாது. கையூமின் ஆட்டத்தைப் பார்த்த நாம்தான் சொல்ல வேண்டும்.

முப்பத்தொன்பது வயதில் ஒருவர் இருபத்திரண்டு வயதுக்காரர் முன்னால் எப்படி நின்றார்? வேகத்தாலா? இல்லை. அதை நானே அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"கால் வேகம் கொறஞ்சிருச்சே, பாய்?"

"கொறஞ்சிருச்சுண்ணே. அதான் தேவையில்லாத எடத்துக்குப் போறத விட்டுட்டேன்."

வயது ஏறினால் முதலில் போவது வேகம். பலம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. படித்த பாடம் போவதே இல்லை. இளைஞர்கள் எதிராளியின் கையைப் பார்ப்பார்கள். கையூம் முன்காலைப் பார்ப்பார். குத்து கிளம்புவதற்கு முன்பே உடம்பின் எடை அந்தக் காலுக்கு வந்துவிடும். வந்தது தெரிந்ததும் அரை அடி பின்னால் நகர்வார். குத்து காற்றில் போகும். குத்தியவர் கையை இழுத்துக்கொள்வதற்குள் இவருடைய இடது கை போய்த் திரும்பியிருக்கும். எதிராளி ரிங்கைச் சுற்றி ஓடுவார். இவர் நடுவில் நின்று திரும்பிக்கொண்டே இருப்பார்.

சின்னாளப்பட்டியில் ரவுண்டு இடைவேளையில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏலே அழகரு, பாத்து அடிடா, பாய்க்குப் புள்ளகுட்டி இருக்கு." கையூம் வாய்க்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார். "அதுக்காகத்தான்யா அடி வாங்காம நிக்கிறேன்."

சரி, அந்தச் சாய்தல்? அதுதான் அவர் ஓய்வெடுக்கும் இடம். மூச்சு வாங்க வேண்டுமென்றால் இளைஞர் விலகி ஓடுவார். கையூம் எதிராளியின் மேலேயே சாய்ந்துவிடுவார். நடுவர் வந்து பிரிக்கும்வரை இவர் மூச்சு வாங்குவார், அவர் எடை சுமப்பார். "மண்டில தோல் கட்ட எறக்கி வைக்கிற மாதிரித்தாண்ணே. எறக்குறது அடுத்தவன் தோள்ல, அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவர் மனைவி நஸீரா, கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருப்பதால் இங்கே வர முடியவில்லை. நேற்று போனில் பேசினார். "சண்டை முடிஞ்சு வந்து கண்ணாடி முன்னால மூஞ்சியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'ஒரு கீறல் இல்ல நஸீரா, இன்னொரு தடவ பொண்ணு பாக்கப் போகலாம்'னாரு. 'போங்க, எந்த வீட்டுல கதவு தொறக்குறாங்கன்னு பாப்போம்'னேன்." பிறகு கேட்டார்: "அந்தப் புள்ள ஆட்டத்த விட்டுட்டாமே? இவரு இருந்தா வையமாட்டாரா?"

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கையூமுடன் ரிங்கில் நின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் தோளில் தலையை வைத்து, வாய்க்கவசத்தோடு, 'செத்த நேரம் இரு, அப்பு' என்று அவர் முனகியிருந்தால், தயவுசெய்து கை தூக்குங்கள்.

மூன்றாவது வரிசை முழுவதும். நன்றி. தூண் பக்கம் நிற்பவர்களும். தலைவரே, நீங்களுமா? டெய்சி அவர்கள் என்ன சொல்கிறார்கள்? "பிரேக் பிரேக்குன்னு கத்தியே என் தொண்டை போச்சு" என்கிறார்கள்.

தம்பி அழகர், இந்தக் கைகளைப் பார். இவர்களில் யார் அவரைக் கொன்றது? அவர் களைத்தார், உன் மேல் ஓய்வெடுத்தார். பிரித்த பிறகு நீ குத்தியது எங்கே போனது? நான் கயிற்றை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் காதோரம் காற்றில் போனது. பதிலுக்கு உன் விலாவில் ஒன்று விழுந்ததே, அது நினைவில்லையா? நீ தோற்ற ஆட்டம் அது. டெய்சி மேடம் அப்போதே உங்களைப் பிரித்துவிட்டார். நீதான் அந்த எடையை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய். இறக்கி வை. உன்னிடமும்தானே சொன்னார்? நீயும் கை தூக்கலாம்.

தூக்கிவிட்டான். நிருபர் சொல்லக் கூடாத சொல்தான், இருந்தாலும் சொல்கிறேன்: அப்பாடா.

நண்பர்களே, தலைவரைக் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். நாளைக் காலை நம் பயிற்சிக்களம் வழக்கம்போல் திறக்கும். கையூமை எந்த ஊர்க் கொசு கடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் முதல் வேலையாக, களத்தில் கிடக்கும் பழைய டயர்களைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டுவோம். முப்பத்தைந்தைத் தாண்டி வருகிறவரை 'உனக்கு எதுக்குய்யா' என்று திருப்பி அனுப்ப மாட்டோம், கையுறை தருவோம். அடிப்பதற்கு முன்னால் அடி வாங்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்போம். தேர்வுப் பட்டியலில் அழகரின் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது தலைவரின் பொறுப்பு. தலையாட்டுகிறார்.

இந்த மாதிரிக் கூட்டத்தில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது வழக்கம். கையூம் ஒரு நாளும் நிமிடக் கணக்குச் சொன்னவர் இல்லை. அவர் கேட்டபடியே செய்வோம். எல்லோரும் எழுந்திருங்கள்.

செத்த நேரம் இருப்போம்.