கூரை திறக்கிற வண்டி

— கதவ அப்படி அறைஞ்சு சாத்தாதீங்க சார். இது அமெரிக்கக்காரன் வண்டி, கோவிச்சுக்கும். ரெண்டு விரல வெச்சு லேசா தள்ளுங்க. ஆங். கேட்டீங்களா சத்தத்த?

— பூட்டு விழுந்ததே தெரியலீங்க ஐயா.

— அந்தச் சத்தத்துக்கு மட்டும் நாலு மாசம், சும்மா சொல்லல. அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. பழைய இரும்புக் கடையில கெடந்துச்சு, பின் சீட்டுல கோழி முட்டை போட்டுக்கிட்டு. முப்பது வருஷம் லாரிக்கு டிங்கர் வேலை பாத்தவன் நான். வேலைய விட்ட மறுநாளே இதக் கட்டி இழுத்துட்டு வந்துட்டேன். பதினோரு வருஷம் சார். ஒரு நட்டக்கூட வெளியாள் தொடல.

— குரோம் பூச பம்பர் வெளிய போச்சு. அதையும் சொல்லிடுங்க.

— வீட்டுக்காரம்மா சார். பூச்சுக்கு நம்ம வீட்ல தொட்டி இல்லல்ல, அதான் வெளியூர் கொண்டுபோனேன். அதுவும் விட்டுட்டு வரல. பத்து நாள் பக்கத்துலயே உக்காந்து பூசி வாங்கினேன். இப்ப அதுல மொகம் பாத்து ஷேவ் பண்ணலாம்.

— மேல் கூரைத் துணி எங்க குடுத்தீங்க?

— அது நான் தெச்சது.

— நீங்களாம்மா? தையல் கோடு கிழிச்ச மாதிரி போகுதே.

— பள்ளிக்கூட யூனிஃபார்ம் தெக்கிற கைதான். ஆனா மொத தடவ சொதப்பிட்டேன், அதையும் சொல்லிடறேன். கூரைய மூடி வெச்சு அளவெடுத்தேன். துணி கும்முனு உக்காந்துச்சு, இவரு ஒரே சந்தோஷம். திறந்தா மடங்க மாட்டேங்குது. மடிப்புக்கு நான் துணியே விடலையே. மொத்தத்தையும் பிரிச்சுட்டு, திறந்து திறந்து அளந்து மறுபடி தெச்சேன்.

— பிரமாதம்மா. ஆனா எங்ககிட்ட வந்தா திறக்கிற வேலையே இல்ல. எங்க ஓட்டல்ல நுழைஞ்ச உடனே நடுவுல மேடை, சுத்திக் கண்ணாடி. கூரைய மூடினபடியே வெச்சிருவோம், உள்ள தூசி சேரும் பாருங்க. எஞ்சின் எண்ணெயக்கூட வடிச்சிருவோம், சலவைக்கல்லுல சொட்டிடக் கூடாதுல்ல.

— சொட்டுறதா? சார், குனிஞ்சு கீழ பாருங்க. ஒன்றரை வருஷமா வெள்ளத் தாள் விரிச்சு வெச்சிருக்கேன். ஒரு புள்ளி இருக்கா?

— இல்லீங்க.

— ஏம்மா, அந்த ஜன்னலத் திற. ஒரு தடவ ஓட விட்டுக் காட்டிடறேன். சார், உங்க காப்பி டம்ளரக் குடுங்க, பேனட் மேல வெக்கிறேன். எட்டு சிலிண்டரும் ஓடுது இப்ப. காப்பி தளும்புதா?

— போதுங்க ஐயா, நிறுத்திடுங்க. நீங்க போட்ட விலைக்கே எடுத்துக்கறேன், பேரமே வேண்டாம். லாரிய எந்தப் பக்கம் வரச் சொல்லட்டும்? அந்தத் தார்ப்பாய்க்குப் பின்னாலதானே ஷட்டர்?

— தார்ப்பாய்க்குப் பின்னால சுவரு சார்.

— சுவரா?

— முன்னாடி ஷட்டர் இருந்துச்சு. மாடி எடுத்தப்போ கழட்டிட்டோம். மேல எம்பொண்ணும் மாப்பிள்ளையும் குடியிருக்காங்க, அந்தப் பாரத்த ஏதாச்சும் தாங்கணும்ல.

— அப்ப வண்டி எப்படி வெளிய வரும்? நாம நுழைஞ்ச கதவு மூணரை அடி. வண்டி ஆறரை அடி.

— ஆறடி எட்டங்குலம் சார்.

— இத விளம்பரத்துலயே போட்டிருக்கலாமே ஐயா.

— மறந்துட்டேன்.

— சரி, போகட்டும். பாகம் பாகமா பிரிச்சுக் குடுங்க, எங்க ஆளுங்க அங்க பூட்டிப்பாங்க.

— பிரிக்கிறதா? இதையா? சார், காப்பி ஆறுது. குடிச்சுட்டுக் கிளம்புங்க.

— வர்றேம்மா. இந்தக் கூரை மாதிரி ஒரு கூரைய நான் பாத்ததில்ல.

— பாத்துப் போங்க, படி ஒண்ணு இருக்கு.

— போயிட்டாரா?

— தலைய ஆட்டிக்கிட்டே தெருமுனை தாண்டிட்டாரு. அஞ்சாவது ஆளு. நீங்க ஒண்ணும் மறக்கல.

— என்ன மறக்கல?

— பம்பர்ல எத்தன திருகுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்ற மனுஷன், வாசல மறப்பாராக்கும்.

— சரி, மறக்கல. தெரிஞ்சேதான் சுவரு வெக்கச் சொன்னேன். எப்பப்பா ஓட்டப் போறீங்கன்னு பொண்ணு கேக்கும்போதெல்லாம், இன்னும் ஒரு வேலை பாக்கின்னு ஸ்பேனர எடுத்துப்பேன். இங்க நிக்கிற வரைக்கும் இதுல ஒரு குறை கெடையாது. நடுரோட்டுல நின்னுடுச்சுன்னா? மணல் லாரி வந்து உரசிட்டுப் போச்சுன்னா? நாலு பேரு வந்து பாத்து வாயப் பொளந்தாப் போதும் எனக்கு. அதுக்குத்தான் விளம்பரம். திட்டணும்னா திட்டிக்கோ.

— திட்டல. நீங்க குரோமுக்குப் பத்து நாள் காவல் இருந்தீங்களே, அப்ப எழும்பின சுவருதானே இது?

— ஆமா.

— கொத்தனாருக்கு அளவு குடுத்தது நானு. அதையும் சொல்லிடறேன். வாசலுக்குப் போடுற மாதிரி மேல எட்டடி அகலத்துக்கு கான்கிரீட் லிண்டல் போடச் சொன்னேன். மாடிப் பாரம் மொத்தமும் அதுமேலதான். கீழ இருக்கிறது சும்மா களிமண்ணு வெச்சு அடுக்கின செங்கல்லு. மேல பூசிட்டதால உங்க கண்ணுக்குத் தெரியல.

— எட்டடியா?

— மூடி வெச்சு அளந்து ஒரு தடவ பட்டவ நான். ரெண்டாவது தடவயும் படுவேனா?

— அப்ப இதை அந்த ஆளுகிட்ட ஏன் சொல்லல நீ? வித்திருக்கலாமே.

— கூரையத் திறக்கவே மாட்டாங்களாமே.

— இப்ப என்னதான் பண்ணச் சொல்ற?

— தையல் மெஷினுக்குப் பின்னால கடப்பாறை இருக்கு, ஏழு வருஷமா. நீங்க செங்கல்ல எடுத்துக்கிட்டு இருங்க. காத்து அடிக்கும், நான் தலைய இறுக்கிப் பின்னிக்கிட்டு வந்து முன் சீட்டுல உக்காந்துக்கறேன்.