லிப்ட்டுக்கு எதுத்த கடை

இல்ல தம்பி, அது வேணாம். ரோட்டுப் பக்கம் இருக்கிறதையே தெறந்து தெறந்து காட்டுறீங்க. நல்ல கடைதான், நான் இல்லைங்கல. கண்ணாடி பெரிசு, வெளிச்சம் கொட்டுது, பெரியார் பஸ் ஸ்டாண்டுல இறங்குற சனம் நேரா உள்ள வந்துரும். அதெல்லாம் நகைக்கடைக்காரன், செல்போன் கடைக்காரன் எவனாச்சும் வந்தா குடுங்க. எனக்கு உள்ள, லிப்ட்டுக்கு எதுத்தாப்புல சின்னதா ஒண்ணு கிடக்குல்ல, ஷட்டரு பாதி இறக்கி விட்டுருக்கீங்களே, அதேன் வேணும்.

மொத நாளே சொல்லிட்டேன்ல. நீங்கதான் இந்தப் பொம்பளைக்கு வெவரம் பத்தலைன்னு மேலயும் கீழயும் கூட்டிக்கிட்டு அலையிறீங்க. இப்படி உக்காருங்க, முட்டி வலிக்குது. இந்த சோபா எனக்குப் பழக்கந்தேன். உங்க வாச்மேனு அண்ணன் இப்பல்லாம் என்னையப் பாத்தா எந்திரிச்சு பேனு சுச்சப் போட்டு விடுறாரு.

எம்பேரு சோணையம்மா. ஊரு நாகமலை புதுக்கோட்டைக்கு அங்கிட்டு, யுனிவர்சிட்டி தாண்டி உள்ள போகணும். உங்க பேரு சட்டையில குத்தியிருக்கு, வெங்கடேஷ்பாபு. படிச்சுட்டேன். நான் என்ன, தமிழ் படிக்கத் தெரியாதவளா?

என்ன யாவாரமா? போன தடவ வளையல் கடைன்னேனா? அதுக்கு முந்தி ஜெராக்ஸுன்னேனா? சரி, சொல்லியிருப்பேன். நீங்க வந்து நின்ன நிப்புல கேட்டா என்னத்தச் சொல்றது, வாயில வந்ததச் சொன்னேன். இப்பச் சொல்றேன், முடிவா. தண்ணி பாட்டிலு, பிஸ்கட்டு, கடலமிட்டாயி, பிளாஸ்க்குல டீயி. மேல எம்புட்டு ஆபீசு இருக்கு! காலையில வருதுகளே அந்தப் புள்ளைக, பாதிக்குப் பாதி வெறும் வயித்தோடதான் வருதுக. மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? தலை சீவுன ஈரங்கூடக் காயல, ஒரு கையில பையி, ஒரு கையில போனு, லிப்ட்டு வருதா வருதான்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குதுக. ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்கத்தான்னு சொல்ல இங்க ஒரு நாதி இருக்கா?

அடுப்பு பத்த வைக்கக் கூடாதா? சரி, வைக்கல. வீட்டுலயே தட்டப்பயறு அவிச்சு தூக்குல கொண்டாந்துர்றேன். அதுக்கும் சட்டம் இருக்கா? இல்லல்ல. அப்பறம் என்ன?

ஓட்டமே இல்லாத இடம்னு நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. லிப்ட்டுக்கு நிக்கிறவன் போனப் பாப்பான், கதவு தெறந்தா உள்ள போவான், ஒரு பய திரும்ப மாட்டான், கையச் சுட்டுக்கிருவீங்கங்கிறீங்க. எம்மேல உள்ள அக்கறையில சொல்றீங்க, நல்லா இருங்க. ஆனா நட்டம் என்னோடதுதானே? நான்தான் சரிங்கிறேன்ல?

என்னது, ஏடிஎம்மா? இந்த எடத்தைய ஏடிஎம்காரங்க கேக்குறாய்ங்களா? ஆத்தாடி. இத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? நான் பாட்டுக்கு வெட்டிப் பேச்சுப் பேசிக்கிட்டு உக்காந்திருக்கேன். குடுக்குறேன்னு சொல்லிப்புட்டீங்களா? இன்னும் இல்லயா? மாரியாத்தா. அது மிசினு தம்பி. அதுக்கு எங்க வச்சா என்ன? வாசல்ல வைங்க, மாடிப்படிக்கு அடியில வைங்க, பணம் வேணுங்குறவன் தேடிப் போயி எடுப்பான். அந்த மிசினு இங்க நின்னு யாரப் பாக்கப் போகுது? எனக்கு இந்த எடம் இல்லைன்னா இந்த மதுரையிலேயே வேற எடம் வேணாம். முதலாளிக்கு ஒரு போனு போடுங்க. நான் கெஞ்சிக் கேக்குறேன்னே சொல்லுங்க.

வீட்டுக்காரரு கையெழுத்தா? அவரு எதுக்கு? பொம்பள தனியா எடுத்தா ஆகாதா? நாகமலை அடிவாரத்துல எங்கப்பா எனக்குன்னு எழுதி வச்ச காடு கொஞ்சம் இருந்துச்சு, பிளாட்டு போடக் கேட்டாய்ங்க, குடுத்துட்டேன். அது என் காசு. அவரு ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. அவரு எதையுமே கேக்குறதில்ல தம்பி இப்ப. கோழி கூவுறப்ப எந்திரிச்சு வயலுக்குப் போவாரு, வந்து சாப்புடுவாரு, சொவத்தப் பாத்துப் படுத்துக்கிருவாரு. ஒரு கல்யாணங்காட்சிக்கு வாரதில்ல. நாலஞ்சு வருசம் ஆச்சு இப்படி ஆகி.

புள்ளைகளா? மூத்தவன் அழகுபாண்டி, லாரி வச்சிருக்கான். அவனும் கையெழுத்துப் போட மாட்டான், கேக்காதீங்க. அவனுக்கு அடுத்து ஒரு பொண்ணு. தாமரைச்செல்வின்னு பேரு. எங்க மாமியா தாமரைன்னாக, நான் செல்வின்னேன், ரெண்டையும் ஒட்டி வச்சோம்.

அவளுக்குத்தான் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டுனாய்ங்க. கண்ணீர் அஞ்சலின்னு. எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல இருந்து நாகமலை புதுக்கோட்டை வரைக்கும், ஒரு சொவரு விடல.

ஐயோ, நீங்க ஏன் தம்பி எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. எப்படின்னு கேட்டா என்ன சொல்றது? நல்லாத்தான் இருந்தா. காலையில தோசை ரெண்டு தின்னா, மூணாவது போடுறேன், பஸ்ஸு போயிரும்மான்னு ஓடுனா. காலேஜிக்குத்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனு வந்துச்சு, எங்க வீட்டுக்காரருதான் எடுத்தாரு. எடுத்துக் காதுல வச்சாரு, அப்படியே தரையில உக்காந்துட்டாரு. மறுநாள் போஸ்டர் வந்துருச்சு.

போட்டோ எதுன்னு நெனைக்கிறீங்க? அவ சடங்குல எடுத்தது. சிகப்புப் பட்டு, தலை நிறைய பூவு, கன்னத்துல சந்தனம், வெக்கப்பட்டுச் சிரிச்சுக்கிட்டு இருப்பா. நான் பக்கத்துல நிப்பேன், என்னைய வெட்டி எடுத்துட்டு அவள மட்டும் போட்டாய்ங்க. அவ தோளு மேல எங்கையி மட்டும் மிச்சம் கிடந்துச்சு. கீழ சொந்தக்காரன் பேரு அம்புட்டையும் போட்டு, கண்ணீருடன்னு எழுதியிருந்தாய்ங்க. எம்பேரும் இருந்துச்சு. என்னையக் கேக்காமப் போட்டதுதான். ஆனா அத்தன பேருல எம்பேரு ஒண்ணுதேன் நெசம்.

எம்மகன் மொட்டை போட்டான். பதினாறு வச்சாய்ங்க. பந்தி போட்டு, அப்பளத்தோட சோறு போட்டாய்ங்க. வந்தவன் அம்புட்டுப் பேரும் மூக்கு முட்டத் தின்னுட்டு, எந்தோளத் தட்டி, மனசத் தேத்திக்க சோணைன்னு சொல்லிட்டுப் போனாய்ங்க. என்னத்தத் தேத்துறது? மழை வந்து போஸ்டரு நனைஞ்சு கிழிஞ்சு தொங்கும். பஸ்ஸுல போகயில அவ மூஞ்சி பாதி தெரியும். ஒரு நா பாதியில இறங்கி, கெடந்த ஒண்ணையும் நகத்தாலயே சொரண்டி எடுத்துட்டேன். நகமெல்லாம் ரத்தம். பைத்தியக்காரின்னு டீக்கடையில சிரிச்சாய்ங்க.

அழுகல தம்பி, கண்ணுதான் அப்பிடி. நீங்க போனப் போடுங்க.

என்ன சொல்றாரு? ஏடிஎம்காரன் ரெண்டு மாசமா இழுக்குறான்னா சொல்றாரு? கையில முன்பணம் குடுக்குறவங்களுக்கே குடுத்துருன்னாரா! நல்லா இருக்கணும் அந்த மனுசன். அவரு புள்ளகுட்டி நல்லா இருக்கணும். என்னது, மூணு வருசத்துக்கு காலி பண்ணக் கூடாதா? நானாக் காலி பண்ணுவேன்? நீங்க தள்ளி விட்டாத்தான் உண்டு. யாவாரம் ஆனாலும் ஆகாட்டியும் வாடக வந்துரும், பயப்படாதீங்க.

இப்ப என்ன, பேரா? கடைக்குப் பேரு வேணுமா? வாசல்ல இருக்குற பெரிய போர்டுலயும் எழுதுவீங்க, கடைக்கு மேலயும் லைட்டுப் போட்டு எழுதுவீங்க, அப்பிடியா? இன்னைக்கே குடுத்தாத்தான் போர்டுக்காரன் வெட்டுவானா? அப்ப எழுதிக்கங்க. தாமரைச்செல்வி.

ஆமா, அதே பேருதேன். ஸ்டோர்ஸுன்னு வேணும்னா பின்னாடி சின்னதாப் போட்டுக்கங்க. பேரு பெரிசா இருக்கணும். லிப்ட்டு வாசல்ல நின்னா கண்ணுல பட்டே ஆகணும்.

நினைவுன்னு சேக்கவா? தாமரைச்செல்வி நினைவு ஸ்டோர்ஸா? இல்ல தம்பி, அதெல்லாம் போடாதீங்க. அவ மூணாவது மாடியில வேலை பாக்குறா.

ஏன் இப்படி முழிக்கிறீங்க? பேனாவக் கீழ போட்டுட்டீங்க பாருங்க. ஆமா, எம்மகதான். உசுரோடதான் இருக்கா, குத்துக்கல்லு மாதிரி இருக்கா. கூடப் படிச்ச பையனக் கட்டிக்கிட்டா. வேற ஆளுக. அம்புட்டுத்தான் அவ செஞ்சது. அன்னைக்கி வந்த போனு அவ போட்டதுதான். அப்பா, கல்யாணம் பண்ணிக்கிட்டேன், மன்னிச்சிருங்கன்னு. அதுக்குத்தான் எங்காளுக கூடி, அவ செத்துட்டான்னு முடிவு பண்ணி, போஸ்டரு அடிச்சு, பதினாறும் வச்சு முடிச்சாய்ங்க. எந்தச் சண்டாளி பெத்த மகளுக்குப் பதினாறு சோறு வடிச்சிருக்கா, உசுரோட இருக்கையில?

கண்ணு காட்ட டாக்டர்கிட்ட வந்தேன், சித்திரைக்கி முந்தி. வெயிலுக்கு இந்த வாசல்ல ஒதுங்கி நிக்கிறேன், என்னையத் தாண்டிப் போறா. நீலச் சுடிதாரு, கழுத்துல அட்டை தொங்குது. இளைச்சுப் போயிட்டா. நான் பின்னாடியே உள்ள வந்துட்டேன். லிப்ட்டு சாத்திருச்சு, மேல மூணுன்னு எரிஞ்சு நின்னுச்சு. உங்க வாச்மேனு வந்து யாரப் பாக்கணும்னு கேட்டாரு. என்ன சொல்லுவேன் தம்பி? ஊருக்கே சாப்பாடு போட்டு முடிச்சவளப் பாக்க வந்தேன்னா சொல்லுவேன்? எம்மகளன்னு சொல்லத்தான் வாய் எடுத்தேன். கடை வாடகைக்குப் பாக்க வந்தேன்னுட்டேன். அவரு உடனே உங்களக் கூப்புட்டுட்டாரு. நீங்களும் சாவிக் கொத்தோட சிரிச்சுக்கிட்டே வந்துட்டீங்க.

மேல போயிப் பேசலாம்லன்னு சுளுவாக் கேக்குறீங்க. எங்க கொழுந்தனுக ரெண்டு பேரு இந்த டவுனுலதான் ஆட்டோ ஓட்டுறாய்ங்க. நான் எங்க போறேன் எங்க வாரேன்னு ஒருத்தன் பாத்தாலும், இந்தக் கெழவி யாரத் தேடி அலையிறான்னு தோண்டுவாய்ங்க. தோண்டுனா அவ இங்க இருக்கிறது தெரிஞ்சு போகும். அவ நிம்மதியா வேலைக்கு வந்துட்டுப் போறா, அதையும் நான் கெடுக்கவா? கடைன்னு ஒண்ணு இருந்தா கேக்குறவனுக்குப் பதில் இருக்கு. கடைக்குப் போறேண்டான்னுட்டு வந்துருவேன். போர்டப் பாத்தாக் கூட, செத்த மக பேருல கடை போட்டிருக்கா பாவம்னு எங்காளுக உச்சுக் கொட்டிட்டுப் போயிருவாய்ங்க.

அவ பாத்தா அவளுக்கு வேற மாதிரித் தெரியும். அம்மா நம்மளச் சாகக் குடுத்தவ இல்லைன்னு தெரியும். அதத்தான் தம்பி அவளுக்கு நான் சொல்லணும், வேற ஒண்ணும் இல்ல. பேசாம லிப்ட்டுல ஏறிப் போயிட்டாலும் சரிதான். மறுநா வந்து நிப்பாள்ல. மூணு வருசம் நிப்பாள்ல.

எழுதிட்டீங்களா? எங்க காட்டுங்க. ரைட்டு. அது இறங்குது பாருங்க, மூணுன்னு எரியுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வாரா. தம்பி, கொஞ்சம் எனக்கு முன்னால வந்து மறைச்சாப்புல நில்லுங்க. இப்பப் பாக்க வேணாம். போர்ட மாட்டுன பெறகு என்னையப் பாக்கட்டும்.