பாதிக்கதை சாரின் மறுபாதி

மேடையில் வீற்றிருக்கும் நூலகக் குழுத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் துயரத்தை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் மறைந்தவரின் துணைவியாரே, வாசகர்களே, தரையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

முதலில் ஒரு திருத்தம். தலைவர் என்னைப் பேச அழைத்தபோது, "மாயக்கதை என்றாலே ஆகாத அம்மையார், கதை சொன்னவருக்கே அஞ்சலி செலுத்த வந்திருப்பது பெருந்தன்மை" என்றார். பலரும் தலையசைத்தீர்கள். பெருந்தன்மை எனக்குக் கிடையாது; என் கணவர் உயிரோடு இருந்தால் சாட்சி சொல்லியிருப்பார். நான் எதிர்த்தது கதைகளை அல்ல. கதை கேட்டுவிட்டுச் சேற்றுக்காலோடு பிள்ளைகள் வாசிப்பறைக்குள் ஏறி வந்ததைத்தான். அதை இன்றும் எதிர்க்கிறேன்.

நம் சிறுவர் பிரிவு நூலகர் போய்விட்டார். எத்தனை பட்டங்கள் சொல்லி அவரைப் புகழ்ந்தீர்கள்! பிள்ளைகள் அவருக்குச் சூட்டிய பட்டம் ஒன்றுதான்: பாதிக்கதை சார்.

சற்றுமுன் செயலாளர் ஓர் அறிவிப்புச் செய்தார். நூலகத்தின் பின்னால் இருக்கும் குட்டையை மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் அவர் பெயரால் ஒரு கதை மண்டபம் எழுப்பப் போகிறார்களாம். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று சொல்லத்தான் இந்த முழங்காலோடு மேடை ஏறினேன்.

அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? சனிக்கிழமை மாலை, ஜன்னல் ஓரத்துச் சின்ன முக்காலியில் உட்கார்ந்து கதையைத் தொடங்குவார். குட்டைக்கு அடியில் ஒரு ராணி இருக்கிறாள். தவளைகள் அவளுடைய பாட்டுக்காரர்கள். மீன்கொத்தி அவளுடைய தூதன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும் இடத்தில் சட்டென்று நிறுத்துவார். "மீதி வெளியில இருக்கு, வாங்க" என்று பின்கதவைத் திறப்பார்.

அந்த மறுபாதியை அவர் முன்கூட்டி யோசித்து வைத்ததே இல்லை. குட்டை அன்றைக்கு எதைக் காட்டுகிறதோ அதுதான் கதை. மீன்கொத்தி வந்தால் தூது வந்தது. தட்டான் முட்டையிட்டால் ராணி வீட்டில் விசேஷம். ஒன்றுமே வராவிட்டால்? பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில், "இன்னைக்கு ராணி யாரையும் அனுப்பல, அடுத்த வாரம் பாப்போம்" என்று எழுந்துவிடுவார். ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் அடங்கி உட்காராத பிள்ளைகள் ஒரு குட்டையைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்!

நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். இல்லாததை இருப்பதாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஒருநாள் அவரிடம் கேட்டே விட்டேன்.

"தவளை எப்படி வளருதுன்னு சுவர்ல அழகா படம் மாட்டியிருக்கே, அத விட்டுட்டு இந்த ராணி எதுக்கு?"

"படம் நல்ல படம்மா. ஆனா அதைப் பாத்துட்டு யாராவது தவளையைத் தேடிப் போனாங்களா?"

"பொய் சொல்லித்தான் தேட வைக்கணுமா?"

"ராணி பொய்யாவே இருக்கட்டும்மா. தவளை நிஜம்தானே?"

அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. கதை எந்தக் குட்டையையும் தூர் வாராது. ஆனால் தூர் வாரப் போகிறவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பது அடுத்த மழைக்காலத்தில் தெரிந்தது.

அந்த ஆண்டு மழை பெய்தும் தவளைகள் கத்தவில்லை. நம்மில் யார் கவனித்தோம்? தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் கவனித்தார்களா? இந்தப் பிள்ளைகள் கவனித்தார்கள்! கரையைச் சுற்றி வந்து, புதருக்குள் நுரை கக்கும் ஒரு குழாயைக் கண்டுபிடித்து, அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே போய்ச் சலவைக்கடை வாசலில் நின்றார்கள். அந்தக் கடைக்காரர் அதோ மூன்றாவது வரிசையில் சிரிக்கிறார். நடந்ததை என்னிடம் சொன்னவரே அவர்தான்.

"அண்ணே, உங்க சோப்புத் தண்ணியால ராணியோட பாட்டுக்காரங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்றாளாம் ஒரு சிறுமி.

"எந்த ராணிம்மா? நம்ம கடைக்குத் துணி போடுறவங்களா?"

"இல்ல. நீங்கதான் அவங்க வீட்டு வாசல்ல அழுக்குத் தண்ணி ஊத்துறீங்க. யாரு வீட்டு வாசல்லயாவது ஊத்துவாங்களா?"

அவர் வந்து பார்த்தார். குழாயைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பினார். அடுத்த மழைக்குத் தவளைகள் கத்திய கத்தலில் என் வீட்டு ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது. சாத்திவிட்டு, மறுபடியும் திறந்து வைத்தேன்.

நண்பர்களே! ஒரு குட்டையைக் "காலியிடம்" என்று பார்ப்பதற்கும் "யாரோ இருக்கிற இடம்" என்று பார்ப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்! அந்தத் தூரத்தை இந்த மனிதர் ஒரு கதையால் கடக்க வைத்தார். அப்படிப்பட்டவருக்கு நன்றி சொல்ல, அவர் கதையின் மறுபாதியை மண் போட்டு மூடுவோமா? செயலாளர் தம்பியின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அவர் போட்ட வரைபடத்தைத்தான் சந்தேகிக்கிறேன். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் தம்பி, முடித்துவிடுகிறேன்.

வரும் சனிக்கிழமை அந்த முக்காலியில் நான் உட்காருவேன். என் குரல் அவருடையதுபோல் இனிக்காது. உச்சரிப்பில் மட்டும் பிழை இருக்காது. முதல் பாதியை நான் சொல்வேன். நான் போன பிறகு வேறொருவர் சொல்வார். மறுபாதியை என்னால் சொல்ல முடியாது. அவராலும் முடிந்ததில்லை. அதைக் குட்டைதான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளே, வரும்போது கால் துடைக்க ஒரு துணி கொண்டு வாருங்கள்.

தலைவர் அவர்களே, குட்டையைத் தூர்க்கப் போகிறீர்களா, இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள், உங்கள் கையெழுத்தோடு, எழுத்தில் பதில் தாருங்கள்.