பௌர்ணமி ஏத்தத்துக்கு முன்னால

வெர்னா: ...கதையே வேணாம் தர்ஸ்டன். பொக்லைன் ஓடுதா, ஓடலையா?

தர்ஸ்டன்: ஓடலைம்மா. காலையிலேர்ந்து சாவியத் திருகித் திருகி விரலே தேஞ்சு போச்சு.

வெர்னா: நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா உறுமிக்கிட்டுதானே இருந்துச்சு?

தர்ஸ்டன்: அதுக்கும் வயசாகாதா? எனக்கு ஆகலை?

வெர்னா: விளையாடாதீங்க. பாலத்தடியில புதுக் குழாய் போட்டாச்சு, மேல ரோடும் போட்டாச்சு. கடலை மறிச்சு அடுக்கின மணல் மூட்டையை எடுத்தாத்தான் சதுப்புக்குள்ள உப்புத் தண்ணி போகும். ஒவ்வொண்ணும் ஒரு டன்னு. கையாலயா தூக்குவீங்க?

தர்ஸ்டன்: வெள்ளிக்கிழமை எடுத்துடலாமே.

வெர்னா: வெள்ளிக்கிழமையா! இன்னைக்கு மத்தியானம் பௌர்ணமி ஏத்தம், கடல் பொங்கி உசரும். முதல் தண்ணி உள்ள பாயுறதைப் பாக்கத்தான் கான்ட்ராக்டர் போர்ட்லண்ட்லேர்ந்து வராரு.

தர்ஸ்டன்: வரட்டும். சாப்பிட நல்ல லாப்ஸ்டர் ரோல் வாங்கிக் குடுத்து அனுப்பிடலாம்.

வெர்னா: அவரை அனுப்பிடலாம். புல்லுக்கு என்ன குடுப்பீங்க? குழாய்க்குக் குழி தோண்டறப்போ சதுப்பைப் புல்லோட கட்டி கட்டியா வெட்டி, எது எங்க இருந்துச்சுன்னு நம்பர் குத்தி, வாரக்கணக்கா நனைச்சு நனைச்சு வச்சிருந்து, இப்பதான் அதே எடத்துல பதிச்சிருக்கோம். கடல் வந்து மூடலேன்னா வேரு பிடிக்குமா?

தர்ஸ்டன்: ரெண்டு நாள் தாங்கும். நான் வாளியில ஊத்தறேன்.

வெர்னா: எந்தத் தண்ணிய?

தர்ஸ்டன்: கடல் தண்ணிதான் தாயே. ஊர்க் குழாய்த் தண்ணிய ஊத்தினா நாணல் மொளைச்சுத் தொலைக்கும்னு நீ ஊரையே கூட்டுவியே.

வெர்னா: ம்... காலையில வாளியோட உள்சதுப்புப் பக்கம் போனீங்களே. அங்க நாம ஒரு கட்டியும் பதிக்கலையே?

தர்ஸ்டன்: அது... கால் மரத்துப் போச்சு. சும்மா நடந்தேன்.

வெர்னா: பூட்ஸைக் கழட்டிட்டு? பூனை மாதிரி?

தர்ஸ்டன்: உனக்கு வேற வேலையே இல்லையா?

வெர்னா: இருக்கு. நானும் போய் ஒரு எட்டு பாத்துட்டு வரேன்.

தர்ஸ்டன்: போகாத! அங்க... சேறு. வழுக்கும்.

வெர்னா: சேத்துல நடக்கத்தான் எனக்குச் சம்பளமே.

தர்ஸ்டன்: வெர்னா, நில்லு. கெஞ்சிக் கேக்கறேன். சதுப்பைக் கண்காணிக்கறவ நீ, கண்ணால பாத்துட்டா மேலிடத்துக்குச் சொல்லியாகணும். சொன்னா மறு நிமிஷமே வேலைய நிறுத்துவாங்க. கோடை முடியற வரைக்கும் மூட்டையைத் தொட விட மாட்டாங்க. மொத்தச் சதுப்பும் காஞ்சு கருகிடும்.

வெர்னா: எதைப் பாத்துட்டா?

தர்ஸ்டன்: கோவிச்சுக்க மாட்டியே?

வெர்னா: சொல்லித் தொலைங்க.

தர்ஸ்டன்: கூடு. அழிஞ்சுக்கிட்டு வர்ற அந்தச் சதுப்புக் குருவியோட கூடு. நாம தண்ணிய மறிச்சோம் பாரு, இனிமே கடலே வராதுன்னு நம்பி, தரையோட தரையா கட்டிடுச்சு அந்த முட்டாள். நாலு குஞ்சு. இப்பதான் கண்ணு திறந்திருக்கு. இன்னைக்கு ஏத்தத்தை உள்ள விட்டா... முழுகிடும்மா.

வெர்னா: வெள்ளிக்கிழமை விட்டா மட்டும்?

தர்ஸ்டன்: அதுக்குள்ள ஏத்தம் இறங்கிடும், கூடு வரைக்கும் எட்டாது. அடுத்த பெரிய ஏத்தம் வர்றதுக்குள்ள பறந்துடும்.

வெர்னா: அதுக்குத்தான் பொக்லைன் ரிப்பேர்னு இந்த நாடகமா?

தர்ஸ்டன்: அதான் கொடுமை. நாடகம் போடணும்னுதான் வந்தேன். மாட்டிக்குவேனோன்னு பயந்து ராத்திரி பூரா தூக்கமே இல்ல. வந்து சும்மா ஒரு திருகு திருகினா... சத்தியமாவே ஓடலை!

வெர்னா: நல்லதாப் போச்சு.

தர்ஸ்டன்: என்ன நல்லது? கான்ட்ராக்டர் கையோட மெக்கானிக் டிக்பியையும் கூட்டிட்டு வராராம். அவன் கை வச்சா எது ஓடாம இருந்திருக்கு? மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிடுவான். நான் என்ன பண்ணுவேன்... கார் சத்தம் கேக்குது பாரு. வந்துட்டாங்க.

வெர்னா: பதறாதீங்க. டிக்பி சரி பண்ண மாட்டான்.

தர்ஸ்டன்: உனக்கு எப்படித் தெரியும்?

வெர்னா: நேத்து நீங்க வீட்டுக்குப் போனதும் அதைக் கெடுத்து வச்சதே அவன்தான், நான் கேட்டுக்கிட்டதுக்காக. உங்களுக்கும் தெரியுமான்னு பாக்கத்தான் இவ்வளவு நேரம் துருவினேன். நீங்க அந்தப் பக்கம் நடந்தப்பல்லாம் மிதிச்சுடுவீங்களோன்னு எனக்கு உசிரே இல்ல... குஞ்சு நாலு இல்ல தர்ஸ்டன், அஞ்சு. ஒண்ணு அடியில படுத்திருக்கு.