அறுபத்தொன்றாம் வருஷத்துக் கட்டு

கோப்பு தேடுவது கடினமான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை ஐயா. வருஷம் தெரிந்தால் அலமாரி தெரியும், எண் தெரிந்தால் கட்டு தெரியும். மீதி எல்லாம் தும்மல்தான்.

பதிவறைக்குள் யாரும் வரமாட்டார்கள். மேலேயிருந்து சீட்டு வரும். ஒரே வரி: எண், வருஷம், செய்ய வேண்டிய காரியம். எடு. நகல் செய். இடம் மாற்று. அழி. சொன்னதை மட்டும் செய்து, சீட்டின் பின்புறம் பதில் எழுதி அனுப்புவேன். பதினோரு வருஷத்தில் ஒரு சீட்டுக்கும் பொய் எழுதியதில்லை. குப்புராஜ் சொன்னதாக இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நஞ்சம்மாள் முதலில் வந்தது அறுபத்தெட்டு சித்திரையில், ஒரு திங்கட்கிழமை. ஏரியூருக்கு அப்பால் அவள் ஊர். அவள் புருஷன் பச்சியப்பனுக்கு அறுபத்தொன்றில் சர்க்கார் இரண்டு ஏக்கர் புன்செய் கொடுத்திருந்தது. அவன் செத்ததும் பக்கத்துக் காட்டுக்காரர் அது தன்னுடையது என்றார். அவளிடமிருந்த உத்தரவு கூரையோடு எரிந்துவிட்டது. மற்றொன்று எங்கள் கோப்பில் இருந்தது. அதன் நகல் கிடைத்தால் நிலம் அவளுக்கு, கிடைக்காவிட்டால் அவருக்கு.

அரை மணியில் எடுத்துவிட்டேன். நகல் எழுத அன்று நேரமில்லை, எழுதிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எடுத்ததை அவளிடம் சொல்லவில்லை. அடுத்த திங்கள் வரச் சொன்னேன்.

வந்தாள். சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினாள். யானை வந்து கம்பங்கொல்லையை மிதித்தது, மகன் மாரப்பன் எதற்கும் சிரிக்காதது. "உங்களாட்டந்தாங்க அவனும். உம்முன்னு இருப்பான்" என்று சொல்லிச் சிரித்தாள். என்னைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்துப் பேசியதில்லை. கோப்பு மேஜைமேல்தான் இருந்தது. அதன்மேல் ஒரு பழைய செய்தித்தாளை இழுத்துப் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை.

அன்று மாலை அதை அறுபத்திரண்டாம் வருஷத்துக் கட்டொன்றில் வைத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. பிறகு மேலேயிருந்து சீட்டு வந்தது: அறுபத்தொன்றாம் வருஷக் கட்டைப் பார்க்கவும். முழுதும் அவிழ்த்துப் பார்த்தேன். "இல்லை" என்று எழுதினேன். அது உண்மை. வேறு எங்காவது இருக்கிறதா என்று ஒரு சீட்டு வந்திருந்தால் "இருக்கிறது" என்றே எழுதியிருப்பேன். நாலு வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் அப்படிக் கேட்கும் வழக்கமில்லை.

பியூன் முகம்மது கவுஸ்தான் கிண்டல் செய்வார். "என்னங்க குப்புராஜு, திங்கக்கெழமன்னா மட்டும் இஸ்திரி போட்ட சட்டை? கட்டுக்குத் தூசி தட்டவா?"

எழுபதில் வழக்கு அவர் பக்கம் தீர்ந்து நிலம் கைமாறியது. அவள் குடிசையைப் பிரித்துவிட்டார்கள். தாயும் மகனும் கல் உடைக்கப் போனார்கள். அப்பீல் இருந்ததால் அவள் வருவதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் கேட்டாள். "இருக்குதா இல்லியான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க சாமி. இல்லீன்னா அழுதுபோட்டு வேற சோலியப் பாக்கறேன்."

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்மா."

"அந்தக் காயிதத்துல எங்கூட்டுக்காரரு பெருவெரல் ரேகை இருக்குதுங்க. அவுரு மொகம் எனக்கு மறந்துட்டு வருது. அதையாச்சும் ஒருக்காப் பாத்துக்கறேன்."

அந்த ரேகையை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். மை கொஞ்சம் பரவியிருக்கும். அடுத்த திங்கள் வரச் சொன்னேன்.

எழுபத்திரண்டு தையில் சீட்டு வந்தது: அறுபத்திரண்டு வரையுள்ள கட்டுகளை அழி. அதில் நான் அவள் கோப்பை வைத்த கட்டும் ஒன்று. எல்லாவற்றையும் எரித்தேன், அவள் கோப்பைத் தவிர. அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் இல்லாவிட்டால் அன்றே சாம்பலாகியிருக்கும். இதை யாரும் நான் செய்த நன்மையாக எண்ணப்போவதில்லை என்பது தெரியும்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. பஸ் ஓடவில்லை. காய்ச்சலோடு நடந்து வந்திருக்கிறாள். ரோட்டுப் பாலத்தடியில் ஒதுங்கியவளைச் செவ்வாய்க்கிழமை மாடு ஓட்டிப்போனவர்கள் பிணமாகப் பார்த்தார்கள். சேலையில் முடிந்திருந்த மனு நனையவில்லையாம்.

அடுத்த திங்களும் அவள் வந்தாள்.

நான் குடிப்பவனல்ல ஐயா. மூன்று மணிக்குக் கம்பியில் இரண்டு விரல் தட்டும் சத்தம் கேட்கும். எழுந்து போவேன். சன்னல் கட்டையில் ஈரம் இருக்கும், வெயில் நாளிலும். "காயிதம் கெடச்சுதுங்களா?" என்பாள். தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வேன். இப்போது அவள் சிரிப்பதில்லை. ஆனால் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. நான் சன்னலோடு பேசுவதைக் கவுஸ் பார்த்துத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

கோப்பு என் வீட்டுத் தகரப்பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் இருக்கிறது. வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன், ஒரு தாளைக்கூடப் பூச்சி தொடவில்லை. நானேதான் எடுத்தேன், நானேதான் ஒளித்தேன். அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

அப்பீல் வரும் திங்கட்கிழமை, அன்று காலைக்குள் கோப்பைக் கோர்ட்டில் கொடுத்தால் மாரப்பனுக்கு நிலம் திரும்பிவிடும் என்கிறீர்கள். நல்ல பையன். கிடைக்கட்டும். ஆனால் காகிதம் கிடைத்துவிட்டால் அவளுக்கு இங்கே என்ன வேலை?

அதைச் செவ்வாய்க்கிழமை கொடுங்கள் ஐயா.